ஸ்டோர் சாவி யார் கையில்

செம்பனைக் குலையை மரத்திலிருந்து இறக்கியதுமே அதற்குள் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பழச்சதையில் உள்ள லைப்பேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்துக் கொழுப்பு அமிலமாக மாற்றும். அடிபட்ட பழம் என்றால் வேலை இன்னும் வேகம். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும் என்ற கணக்கு, நெகிரி செம்பிலானில் லாபு, சிலியாவ், பகாவ் என்று எந்தப் பக்கத்து லோரி ஓட்டுநரைக் கேட்டாலும் தெரிந்திருக்கும். ஒரு மணி நேரம் பிந்தினால் உலகம் முடிந்துவிடாது. எண்ணெய் கொஞ்சம் மட்டமாகும், விலை கொஞ்சம் இறங்கும்.

பால்மரம் வெட்டிய காலத்துக் கெடு இதைவிடக் கண்டிப்பு. வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறையும். பால் இறங்குவது ஓயும். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு வைத்ததற்குக் காரணம் துரையின் குணம் மட்டுமல்ல, மரத்தின் குணமும்தான். பத்து மணிக்கு எவ்வளவு அழகாகச் சீவினாலும் பால் பிடிக்கும் மங்கு நிறையாது. பிந்திச் செய்த வேலை வீண் வேலை.

மூன்றாவது கெடு ஆலைக்குள் இருக்கிறது. குலைகளை அவிக்கும் பெரிய இரும்புக் கலன்களில் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி வாக்கில் நீராவி ஏற்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் வரை அவியும். இரண்டு மூன்று முறை அழுத்தத்தை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதும் உண்டு. உள்ளே அழுத்தம் இருக்கும்போது கதவு திறக்கவே கூடாது. அழுத்தம் எல்லையைத் தொட்டது என்று உணரி சொன்ன பிறகு, நீராவி வால்வை மூடும் கட்டளை எப்போது போய்ச் சேர்கிறது என்பதில் ‘கொஞ்சம் பிந்திவிட்டது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே பிந்துவது விபத்து.

இந்த மூன்று கெடுக்களையும் கணினித் துறை தனித்தனியாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறது. பிந்தினால் பயன் மெல்லத் தேயும் மென்கெடு, பிந்தினால் பயனே இல்லாத உறுதிக்கெடு, பிந்தினால் ஆபத்தாகும் வன்கெடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவற்றைக் கவனித்து வேலையைப் பங்கிடும் மென்பொருளுக்குத்தான் நிகழ்நேர இயங்குதளம் என்று பெயர். ‘நிகழ்நேரம்’ என்றதும் மின்னல் வேகம் என்று நினைப்பவர்கள் அதிகம். வேகம் இருந்தால் நல்லதுதான். ஆனால் கேள்வி அதுவல்ல. சொன்ன நேரத்துக்குள் நடக்குமா, ஒவ்வொரு முறையும் நடக்குமா என்பதே கேள்வி. கைப்பேசியில் ஒரு படம் திறக்க அரை நொடி கூடுதலாகிவிட்டால் முணுமுணுத்துவிட்டுப் போய்விடுவோம். காரின் ஏர்பேக் அப்படி முணுமுணுக்க விடாது.

எந்த வேலைக்கு முதலிடம்? இதற்கு 1973இல் சி. எல். லியூ, ஜேம்ஸ் லேலண்ட் என்ற இருவர் கணக்கோடு விடை சொன்னார்கள். அடிக்கடி வரும் வேலைக்கு மேல் முன்னுரிமை, எப்போதாவது வரும் வேலைக்குக் கீழ் முன்னுரிமை கொடு. எல்லா வேலைகளும் சேர்ந்து நுண்செயலியின் நேரத்தில் சுமார் 69 விழுக்காட்டுக்குள் அடங்கினால், எத்தனை வேலை இருந்தாலும் ஒரு கெடுகூடத் தவறாது. இது அனுபவத்தில் கண்டுபிடித்த கைமருந்து அன்று, நிறுவப்பட்ட தேற்றம். ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருந்தது: ஒரு வேலைக்கும் இன்னொரு வேலைக்கும் தொடர்பில்லை, ஒருவருக்கொருவர் காத்திருக்கத் தேவையில்லை என்ற அனுமானம். தோட்டத்தில் வேலை செய்த எவரும் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்.

ஸ்டோர் சாவி ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொள்வோம். புல் வெட்டுகிற ஆள் அரிவாள் எடுக்க ஸ்டோரைத் திறந்து சாவியை இடுப்பில் சொருகியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு ஸ்டோரிலிருந்து டயர் வேண்டும். அவர் வேலைதான் எல்லாவற்றிலும் அவசரம். ஆனால் சாவி வரும்வரை நிற்க வேண்டும். சாவிக்காரர் திரும்பி வருகிற வழியில் மண்டோர் மறித்து, “இந்த உர மூட்டையை முதல்ல இறக்குப்பா” என்கிறார். புல் வெட்டுவதைவிட உரம் முக்கியம், அதனால் மண்டோர் சொன்னதில் பிழையில்லை. உரம் முடிந்ததும் கிராணி கூப்பிடுகிறார். அதிலும் பிழையில்லை. ஒவ்வொருவரும் முறைப்படிதான் நடந்தார்கள். ஆம்புலன்ஸ் மட்டும் அங்கேயே நிற்கிறது.

இதற்கு முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்று பெயர். மருந்து எளிது: அவசரக்காரருக்குத் தேவையான சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவருக்கு அந்த அவசரக்காரரின் தகுதி தற்காலிகமாக வந்துவிட வேண்டும். சாவியைக் கொடுக்கும்வரை மண்டோரும் கிராணியும் அவரை மறிக்கக் கூடாது. கொடுத்த மறுநொடி அவர் பழையபடி புல் வெட்டுகிறவர். இந்த ‘முன்னுரிமை மரபேற்பு’ முறையை முறையாக ஆராய்ந்து 1990இல் வெளியிட்டவர்கள் லுயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹாக்ஸ்கி. நடுவில் உள்ளவர் 1984இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கேயே பேராசிரியரானவர்.

ஏழு ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டுரை செவ்வாய்க் கிரகத்தில் வேலை செய்தது. 1997 ஜூலை 4 அன்று இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம் சில நாட்களில் தானாகவே மறுதொடக்கம் ஆகத் தொடங்கியது. உள்ளே ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற நிகழ்நேர இயங்குதளம். நடந்தது ஸ்டோர் சாவிக் கதையேதான். வானிலைத் தரவு சேர்க்கும் சின்னப் பணியின் கையில் சாவி; தகவல் பாதையைப் பராமரிக்கும் தலையாய பணி அதற்காகக் காத்து நிற்க, நடுத்தரமான தொலைத்தொடர்புப் பணி இடையில் புகுந்து நேரத்தைத் தின்றது. வேலைகள் நேரத்துக்குள் முடிகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்கும் காவல் கடிகாரம், ‘முக்கிய வேலை முடியவில்லை, ஏதோ கெட்டுவிட்டது’ என்று எல்லாவற்றையும் அணைத்து மறுபடி தொடங்கியது. மருந்து அந்த மென்பொருளுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அந்தச் சாவிக்கு அதை இயக்காமல் விட்டிருந்தார்கள். பூமியிலிருந்து கட்டளை அனுப்பி இயக்கினார்கள், நோய் தீர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு மாநாட்டில் இந்தக் கதை சொல்லப்பட்டபோது கட்டுரையை எழுதிய மூவரும் அதே அரங்கில்தான் இருந்தார்கள். எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்களாம்.

ஒரு நல்ல யோசனை ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, மூன்றாவதில் வேறு பெயரில் இருக்கிறது என்றால் பொறியாளர் என்ன செய்வார்? தரநிலை என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. அதைச் சொல்வதற்கு, மலேசியாவில் உட்கார்ந்துகொண்டு, அப்படி ஒரு தரநிலை பிறந்த ஜப்பானுக்கு நேரே போய்விட வேண்டியதில்லை. முதலில் ரப்பர் ஸ்டோருக்குப் போவோம்.

ஒரு காலத்தில் ரப்பரின் தரத்தைக் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். புகையில் உலர்த்திய ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, குமிழ் இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா என்று பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பது. பார்க்கிற கண் வாங்குகிறவனுடையது. 1965இல் மலேசியா எஸ்எம்ஆர் என்ற தரத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் கண்ணுக்கு வேலையில்லை. எவ்வளவு அழுக்கு, எவ்வளவு சாம்பல், எவ்வளவு நைட்ரஜன் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து முடிவு. எஸ்எம்ஆர் 20 என்ற பெயரில் உள்ள 20, அழுக்கு 0.20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பதிலிருந்து வந்தது. 33 கிலோவும் கொஞ்சமும் எடையுள்ள கட்டி. 30 கட்டி ஒரு டன். ரப்பரை எந்த இயந்திரத்தில் நொறுக்கினாய், எப்படி உறையவைத்தாய் என்று விதி துருவித் துருவிக் கேட்பதில்லை. முடிவில் கையில் வரும் பொருள் இப்படி இருக்க வேண்டும், அவ்வளவுதான். விளைவிக்கிற நாடே எழுதிய விதி என்பது இதில் இன்னொரு சுவை.

1984இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென் சாகாமுரா தொடங்கிய ட்ரோன் திட்டம் ஏறத்தாழ இதே மனப்பாங்கில் பிறந்தது. (பறக்கிற ட்ரோன் வேறு.) அதில் பல கிளைகள்: கருவிகளுக்குள் உட்காரும் ஐட்ரோன், மேசைக் கணினிக்கு பிட்ரோன், தொலைபேசி நிலையங்களுக்கு சிட்ரோன், இவற்றோடு புதிதாக வடிவமைத்த ஒரு 32 பிட் நுண்செயலி. ஐட்ரோன் என்பது நீங்கள் வாங்கி நிறுவுகிற மென்பொருள் அல்ல. அது ஒரு விதிப்புத்தகம். ‘இந்தப் பெயரில் அழைத்தால் பணி தூங்க வேண்டும், இந்தப் பெயரில் அழைத்தால் சாவியைத் தர வேண்டும்’ என்று மட்டும் சொல்லும். உள்ளே எப்படி எழுதுவது அந்தந்த நிறுவனத்தின் பாடு. காசு கேட்பதில்லை. சின்னச் சில்லு என்றால் சில பகுதிகளை விட்டுவிடவும் செய்யலாம். இப்படி வேண்டுமென்றே தளர்வாக வைத்த விதி ஜப்பானிய கார், கேமரா, வீட்டுக் கருவி எல்லாவற்றுக்குள்ளும் சத்தமில்லாமல் பரவியது.

தளர்வுக்கு விலையும் உண்டு. ஒரு நிறுவனத்தின் ஐட்ரோனுக்கு எழுதிய நிரல் இன்னொன்றில் அப்படியே ஓடாது. ஆளுக்கொரு பகுதியை விட்டுவிட்டால் அப்படித்தானே ஆகும்? 1999இல் நான்காம் பதிப்பு வந்தபோது, ‘இவ்வளவும் கட்டாயம்’ என்று ஒரு பொதுத் தொகுப்பை வரையறுக்க வேண்டியதாயிற்று.

போட்டியாளர்கள் வேறு வழிகளில் போனார்கள். அமெரிக்காவில் யூனிக்ஸ் மரபிலிருந்து வந்த போசிக்ஸ் விதி, 1993இல் நிகழ்நேர இணைப்பைப் பெற்றது. கோப்பு, செயல்முறை என்று பெரிய கணினியின் சாமான்களோடு வருகிற விதி அது. சின்னக் கருவிக்குப் பிறகு உடல் மெலிந்த வடிவங்களை வகுத்தார்கள். அதே 1993இல் ஜெர்மானிய கார் நிறுவனங்கள் ஓசெக் என்று இன்னொன்றைத் தொடங்கின. அடுத்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சேர்ந்தார்கள். ஓசெக் மிகக் கறாரானது. காரில் ஓடப்போகும் எல்லாப் பணிகளையும் தொழிற்சாலையிலேயே எழுதி முடித்துவிட வேண்டும், சாலையில் ஓடும்போது புதுப் பணி பிறக்கக் கூடாது. ஸ்டோர் சாவிச் சிக்கலுக்கு, ஷாவும் ராஜ்குமாரும் லெஹாக்ஸ்கியும் அதே ஆய்வில் அலசிய ‘முன்னுரிமைக் கூரை’ முறையின் ஒரு வடிவத்தை அது கட்டாயமாக்கியது. பாத்ஃபைண்டரில் விருப்பம்போல் திறந்து மூடக்கூடியதாக இருந்தது, காரில் விதியாகிவிட்டது. மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால், எதற்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். பிரேக்குக்கு ஓசெக்கின் கறார். சோறாக்கும் குக்கருக்கு ஐட்ரோனின் தளர்வு.

ட்ரோனின் மற்ற கிளைகளின் கதை சோகம். ஜப்பானியப் பள்ளிக் கணினிகளுக்கு பிட்ரோன் என்ற பேச்சு வந்தபோது, 1989இல் அமெரிக்க வணிகப் பிரதிநிதி அலுவலகம் அதைத் தன் வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பிறகு பெயரை நீக்கினார்கள். அதற்குள் நிறுவனங்கள் பின்வாங்கிவிட்டன. ட்ரோன் சில்லை ஹிட்டாச்சி, ஃபுஜிட்சு, மிட்சுபிஷி ஆகியவை செய்துகாட்டின. ஆனால் சிக்கலான கட்டளைகள் நிறைந்த அந்த வடிவம் வெளிவந்த நேரம், எளிய கட்டளைகளே போதும் என்ற காற்று உலகெங்கும் வீசிய நேரம். சில்லு மறைந்தது. அந்தச் சில்லோடு கட்டிப்போடாமல் விட்டிருந்ததால் ஐட்ரோன் பிழைத்தது. அதன் வழிவந்த மைக்ரோ டி-கெர்னல் 2018இல் ஐஇஇஇ 2050 என்ற அனைத்துலகத் தரநிலையின் அடிப்படையாயிற்று.

இயங்குதளத்துக்கு எவ்வளவு நல்ல விதி எழுதினாலும், கீழே இருக்கும் நுண்செயலி காலை வாரிவிடலாம். கிராணி அடிக்கடி தேவைப்படும் பெயர்களை மேசைமேல் ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார். இல்லாத பெயர் வந்தால் ஆபீசுக்குள் போய்ப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். நுண்செயலியிலும் அப்படி ஒரு மேசைத்தாள் உண்டு, கேஷ் என்பார்கள். சராசரியாகப் பார்த்தால் அபார வேகம். ஆனால் வன்கெடு எழுதுகிறவருக்குச் சராசரியால் பயனில்லை. எல்லாப் பெயருக்கும் பேரேட்டைப் புரட்ட நேர்ந்த மோசமான நாளில் எவ்வளவு ஆகும் என்பதுதான் வேண்டும். நவீன நுண்செயலிகள் எவ்வளவு சாமர்த்தியமாக முன்கூட்டியே ஊகித்து ஓடுகின்றனவோ, அவ்வளவுக்கு அந்த மோசமான நாளைக் கணக்கிடுவது கடினம். ஆர்ம் நிறுவனம் தன் குடும்பத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறது: கைப்பேசிக்கு ஏ, கறாரான கெடுவுக்கு ஆர், சின்னக் கருவிக்கு எம். எம் வகையில் கார்டெக்ஸ் எம்3ஐ எடுத்தால், வெளியிலிருந்து குறுக்கீடு வந்ததும் 12 கடிகாரத் துடிப்புகளில் அதற்குரிய நிரல் தொடங்கிவிடும். ‘சுமார்’ என்று சொல்லாமல் 12 என்று எழுதித் தர முடிவதுதான் அதன் பெருமை.

ஆர்மின் கட்டளைத் தொகுதி அந்த நிறுவனத்தின் சொத்து. அனுமதி வாங்கிக் காசு கட்ட வேண்டும். இதற்கு மாற்றாக 2010இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்தது ரிஸ்க்-ஃபைவ். ஐட்ரோன் மென்பொருளுக்குச் செய்ததை இது சில்லுக்குச் செய்கிறது. கட்டளைகளின் பட்டியல் எல்லாருக்கும் பொது. அடிப்படைத் தொகுதியில் சுமார் 40 கட்டளைகள்தான். எப்படிக் கட்டுவது உன் பாடு. ஐட்ரோனுக்கு வந்த நோயும் கூடவே வந்தது. ஆளுக்கொரு நீட்சியைச் சேர்க்க, பொதுத் தொகுப்புகளை வகுக்க வேண்டியதாயிற்று. குறுக்கீட்டைக் கையாளும் முறையிலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. நிகழ்நேரக்காரருக்கு அது பெரிய தலைவலி. ரிஸ்க்-ஃபைவைப் பராமரிக்கும் அமைப்பு 2020இல் சுவிட்சர்லாந்துக்குப் பதிவை மாற்றிக்கொண்டது. பிட்ரோனுக்கு நடந்ததை நினைத்தால் அந்த முன்யோசனை புரியும்.

2025 மார்ச் 5 அன்று ஒரே நாளில் இரண்டு நிகழ்வுகள். கோலாலம்பூரில் மலேசிய அரசு ஆர்ம் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது: 10 ஆண்டுகளில் 25 கோடி அமெரிக்க டாலர், ஏறத்தாழ 110 கோடி ரிங்கிட், பதிலுக்கு வடிவமைப்புகளைப் பயன்படுத்தும் அனுமதி, 10,000 பொறியாளர்களுக்குப் பயிற்சி. அதே நாள் புதுடெல்லியில் இஸ்ரோ தலைவர் நாராயணனிடம் விக்ரம்3201, கல்பனா3201 என்ற இரண்டு நுண்செயலிகளின் முதல் உற்பத்தித் தொகுதி ஒப்படைக்கப்பட்டது. விக்ரமில் இருப்பது இஸ்ரோ தானே வகுத்த கட்டளைத் தொகுதி. இதன் 16 பிட் அண்ணன் 2009 முதல் ராக்கெட்டுகளில் பறக்கிறது. கல்பனா, ஸ்பார்க் என்ற பழைய பொதுத் தரநிலையைப் பின்பற்றுவது. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னை ஐஐடி, இஸ்ரோவோடு சேர்ந்து, தன் சக்தி குடும்பத்திலிருந்து ஐரிஸ் என்ற ரிஸ்க்-ஃபைவ் சில்லைக் காட்டியிருந்தது. ஒரே விண்வெளி நிறுவனத்துக்கு இரண்டு மாதத்தில் மூன்று தரநிலை! வீண்செலவு என்று தோன்றும். ஆனால் பறந்து மெய்ப்பித்த நிரலை வேறு சில்லுக்கு மாற்றுவது என்றால் கெடுக்களை எல்லாம் மறுபடி அளக்க வேண்டும். ராக்கெட்டுக்காரர் பழைய விதியை விடாததில் நியாயம் இருக்கிறது.

ரிஸ்க்-ஃபைவ் இலவசமாகக் கிடைக்கும்போது மலேசியா ஏன் 110 கோடி கொடுத்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதிதான் சரி. இலவசமாகக் கிடைப்பது ‘என்ன’ என்ற விதி. ‘எப்படி’ என்பதை யாராவது எழுதியாக வேண்டும். சென்னையில் பேராசிரியர் காமகோடியின் குழு 2014 வாக்கில் தொடங்கி, முதல் சக்தி சில்லை 2018இல் கண்டது. அதன் மூல வடிவத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்தும் வைத்தது. மலேசியா அந்த ஆண்டுகளைக் காசு கொடுத்து வாங்குகிறது. வாங்கியதை வைத்துச் சொந்தமாக எழுதக் கற்றுக்கொள்கிறதா என்பதில்தான் எனக்கு அக்கறை. எஸ்எம்ஆர் எழுதிய நாடு என்பதால் ஒரு நப்பாசையும் உண்டு.

உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது என்பார்கள். அதில் சிரம்பானுக்கும் பங்குண்டு. மோட்டோரோலா தொடங்கி 1999இல் ஆன் செமிகண்டக்டர் என்று பிரிந்தது ஒன்று. ஃபிலிப்ஸ், என்எக்ஸ்பி, நெக்ஸ்பீரியா என்று பெயர் மாறி வந்தது இன்னொன்று. தோட்டத்து லயங்களிலிருந்து எங்கள் அக்காமார் தொழிற்சாலைப் பேருந்தேறிப் போனது இப்படிப்பட்ட இடங்களுக்குத்தான். பெரட்டு மணிக்குப் பதில் ஷிப்ட் மணி. என் அக்கா நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தே இருபது ஆண்டுகளைக் கழித்தவர்.

சென்ற தீபாவளிக்கு அவரோடு செம்பனை ஆலைப் பக்கம் போக நேர்ந்தது. தெரிந்தவர் ஒருவர் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். அவிக்கும் கலனின் அழுத்தத்தைச் சில மில்லிநொடிக்கு ஒருமுறை படித்து, கணக்கிட்டு, வால்வுக்குக் கட்டளை போடும் கருவி. ஒரு சுற்று பிந்தினாலும் காவல் கடிகாரம் எல்லாவற்றையும் பத்திரமான நிலைக்குக் கொண்டுபோய்விடும். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

“இதுல நாங்க செஞ்சது ஏதாச்சும் இருக்குமாடா?”

இருக்கலாம் என்றேன். மின்சாரத்தை நேராக்கும் டையோடு, வால்வுக்கு மின்சாரம் திறந்துவிடும் டிரான்சிஸ்டர், இப்படி ஏதாவது சிரம்பானிலிருந்து வந்திருக்கலாம்.

“நடுவுல இருக்கே, கறுப்பா பெருசா?”

“அது வெளியில வரைஞ்சதுக்கா.”

“வரையறதுக்கு எவ்வளவு நாள் படிக்கணும்?” என்று கேட்டார். அவர் பேத்தி ஐந்தாம் படிவத்தில் இருக்கிறாள்.